தினமும் ஒரே வாக்கிங்தானா? கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்!

ஜனவரி முதல் வாரத்தில் பூங்காக்களில் நடக்க இடம் கிடைக்காது. பொங்கல் முடிந்ததும் கூட்டம் பாதியாகக் குறையும். மாசி பிறந்தால் பழைய முகங்கள் மட்டுமே மிஞ்சும்.

'எல்லாம் சோம்பேறித்தனம்' என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். பல நேரம் உண்மையான காரணம் சலிப்பு. மூன்று வேளையும் இட்லியே வைத்தால் வீட்டில் யார் சாப்பிடுவார்கள்? உடம்புக்கு மட்டும் வருடம் முழுக்க ஒரே பாதை, ஒரே வேகம், ஒரே அரை மணி நேரம் என்றால் எப்படி?

நடை மட்டும் போதுமா?

நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது. ஆனால், கை, தோள், முதுகுத் தசைகளுக்கு அதில் பெரிதாக வேலை இல்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு வேண்டும். கூடவே, வாரம் 2 நாள்களாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு தினமும் சராசரியாக 60 நிமிடங்கள்.

'மிதமான' என்றால் என்ன? பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுதான் கணக்கு.

வாரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

* 3 நாள்கள் நடை. அதில் ஒரு நாள் 3 நிமிடங்கள் வேகமாக, 3 நிமிடங்கள் மெதுவாக என மாற்றி மாற்றி நடக்கலாம்.

* 2 நாள்கள் தசைப் பயிற்சி. ஜிம்முக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. தோப்புக்கரணம், சுவரில் கை ஊன்றிச் செய்யும் புஷ் அப் போதும். தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில், 1 கிலோ டம்பெல்லுக்குச் சமம்.

* 1 நாள் பிடித்த விளையாட்டு. ஷட்டில், சைக்கிள், நீச்சல், பிள்ளைகளோடு மொட்டை மாடியில் ஸ்கிப்பிங்... எதுவானாலும் சரி.

* 1 நாள் யோகா அல்லது ஓய்வு.

ஐப்பசி மழையில் வெளியே போக முடியவில்லையா? பாட்டைப் போட்டு வீட்டுக்குள் ஆடுங்கள். கத்தரி வெயிலா? விடியலுக்கு முன் கிளம்புங்கள். பயிற்சி மாறலாம், பழக்கம் விட்டுப்போகக் கூடாது.

பெண்கள் கவனத்துக்கு

2024-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை என்கிறது. ஆண்களில் 42 சதவிகிதம். பெண்களில் 57 சதவிகிதம். 'வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே' என்பீர்கள். மூச்சு வாங்கக் கூட்டிப் பெருக்கினால் அதுவும் கணக்கில் சேரும்தான். ஆனால், அடுப்படியில் மணிக்கணக்கில் நிற்பது பயிற்சி ஆகாது. உங்களுக்கென்று அரை மணி நேரத்தை வீட்டில் கேட்டு வாங்குங்கள்.

65 வயதைத் தாண்டியவர்களுக்கு

முதுமையில் பெரிய பயம், கீழே விழுவதுதான். ஓர் இடுப்பு எலும்பு முறிவு, நன்றாக நடமாடியவரையும் படுக்கையில் தள்ளிவிடும். எனவே வாரம் 3 நாள்கள் சமநிலைப் பயிற்சி அவசியம். சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் சில விநாடிகள் நிற்பது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது என எளிதாகத் தொடங்கலாம். அருகில் ஒருவர் இருப்பது நல்லது.

இதய நோய், சர்க்கரை, மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே புதிய பயிற்சியைத் தொடங்க வேண்டும். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால், உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

எடை குறைவது மட்டுமே லாபம் அல்ல. 75 வயதிலும் கல்யாணப் பந்தியில் சம்மணமிட்டுச் சாப்பிட்டுவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் எழுந்து வர வேண்டும். அதற்கான சேமிப்பை இன்றே தொடங்குவோம்!