ஆயர் கைப்பட எழுதிய கடிதம்



கரூரில் அமராவதி ஆற்று மணலிலும், மதுரைப் பக்கத்திலும் தேய்ந்துபோன சின்னச் சின்ன உரோமைச் செப்புக்காசுகள் கிடைத்திருக்கின்றன. இலங்கையில் இன்னும் ஏராளம். அவற்றில் சில, கி.பி. 379 முதல் 395 வரை ஆண்ட பேரரசர் தியோடோசியுஸ் வெளியிட்டவை. தமிழ் மண்வரை தம் காசு புழங்கிய அந்த அரசர், ஓர் ஆயரின் சொல்லுக்குத் தலைகுனிந்தார்.

மக்கள் எல்லாரும் நீசேயா விசுவாசத்தையே பின்பற்ற வேண்டும் என்று 380 பிப்ரவரியில் தெசலோனிக்கா நகரிலிருந்து ஆணையிட்டவர் இவர். அப்போது அவரே திருமுழுக்குப் பெற்றிருக்கவில்லை! அவ்வாண்டிலேயே கடும் நோயில் விழுந்து, அதே நகரில் திருமுழுக்குப் பெற்றார். புனித பவுல் இரண்டு திருமுகங்கள் எழுதினாரே, அந்த ஊர்தான்.

பத்து ஆண்டுகள் கழிந்தன. மக்களுக்குப் பிரியமான தேரோட்டி ஒருவனைச் சிறையிலடைத்த தளபதி புத்தேரிக்கை, தெசலோனிக்கா மக்கள் கலகத்தில் கொன்றுவிட்டார்கள். அரசர் கொதித்துப்போய்ப் பழிவாங்க ஆணையிட்டார். கோபம் தணிந்து அதைத் திரும்பப் பெற்றபோது காலம் கடந்துவிட்டது. படைவீரர்கள் கண்ணில் பட்டவர்களையெல்லாம் வெட்டிச் சாய்த்தார்கள். இறந்தவர்கள் 7,000 பேர் என்று பிற்காலத்தில் தியோடொரேத் எழுதுகிறார். எண்ணிக்கை முன்பின் இருக்கலாம். குற்றமற்றவர்கள் மாண்டார்கள் என்பதில் ஐயமில்லை.

மிலான் ஆயர் புனித அம்புரோசியார் ஆலய வாசலில் நின்று அரசரை மறித்ததாக ஓவியங்களில் பார்த்திருப்பீர்கள். அது பின்னாளில் வளர்ந்த கதை. உண்மையில் நடந்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. உடல்நலமில்லை என்று சொல்லி நகரைவிட்டு விலகியிருந்து, அரசர் மட்டும் படிக்கும்படி தம் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். தாவீதும் பாவம் செய்தார், நாத்தான் சொன்னதும் ஏற்றுக்கொண்டார்; நீரும் மனம் வருந்தும், அதுவரை உம் முன்னிலையில் திருப்பலி ஒப்புக்கொடுக்க எனக்குத் துணிவில்லை என்பதே அதன் சாரம். நாமோ, அடுத்த வீட்டுக்காரர் தவற்றை டீக்கடையில் அலசுவோம். அவரிடம் மட்டும் பேசமாட்டோம்.

அரசர் கடிதத்தைக் கிழித்தெறியவில்லை. அரச அணிகளைக் களைந்துவிட்டு, ஆலயத்தில் மக்கள் முன்னிலையில் அழுதார். அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவில்தான் மீண்டும் நற்கருணை பெற்றார். மரண தண்டனையை 30 நாள் நிறுத்திவைத்தே நிறைவேற்ற வேண்டும் என்ற சட்டத்தையும் திருச்சபை வரலாற்றாசிரியர்கள் இந்த நிகழ்வோடு இணைத்துச் சொல்வார்கள்.

395 ஜனவரி 17 அன்று தியோடோசியுஸ் மிலானில் இறந்தார். இரங்கல் மறையுரை ஆற்றியவர் அதே அம்புரோசியார். அந்தத் தவற்றை எண்ணி அரசர் வருந்தாத நாளே இல்லை என்று அவர் அங்கே சாட்சி சொன்னார்.