வயிற்றில் தேங்கும் நீரும் ஈரலினூடே திறக்கப்படும் பாதையும்

ஈரல் இறுகிப்போன ஒருவரின் வயிறு நீரால் நிரம்பிப் பருப்பதை எமது முன்னோர் மகோதரம் என்றனர். இது மது அருந்துவோருக்கு மட்டுமே வரும் நோய் என்ற எண்ணம் எமது சமூகங்களில் இன்னமும் வேரூன்றியுள்ளது. நீரிழிவு, உடற்பருமன் ஆகியவற்றோடு வரும் கொழுப்பு ஈரலும், பி, சி வகை ஈரல் அழற்சிகளும் மதுவைத் தொட்டறியாதவரையும் இந்நிலைக்குக் கொண்டுவந்து விடுகின்றன. நோயோடு வீண்பழியையும் சுமக்கும் குடும்பங்கள் பல.

குடலிலிருந்து வரும் குருதி வாயில் நாளத்தினூடாகவே ஈரலை அடைகின்றது. ஈரல் தழும்பேறி இறுகும்போது அக்குருதி உட்செல்ல வழியின்றி நாளத்தில் அமுக்கம் உயர்கின்றது. உடலில் குருதி குறைந்துவிட்டதாகத் தவறாக உணரும் சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் வெளியேற்றாது தேக்குகின்றன. அந்நீரே வயிற்றறைக்குள் கசிகின்றது.

முதற்சிகிச்சை உப்பைக் குறைப்பதே. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் இலைக்கு வரும் வீட்டில் இது எளிதன்று. அத்துடன் ஸ்பைரோனோலக்டோன், புரூசமைட் போன்ற மாத்திரைகள் சிறுநீரைப் பெருக்குகின்றன. பெரும்பாலானோருக்கு இவை போதும். போதாதவர்களுக்கு ஊசி செலுத்தி நீரை அகற்றுவர். ஒரே தடவையில் 5 லீற்றருக்கு மேல் அகற்றினால், ஒவ்வொரு லீற்றருக்கும் 6 முதல் 8 கிராம் வரை அல்புமின் ஏற்றவேண்டும். ஆயினும் அமுக்கம் குறையாதபடியால் சில வாரங்களில் நீர் மீண்டும் சேர்ந்துவிடும்.

அமுக்கத்தையே குறைத்தால் என்ன என்ற வினா புதியதன்று. 1877 இல் ரஷ்யாவைச் சேர்ந்த நிக்கொலாய் எக் என்பவர், நாய்களில் வாயில் நாளத்தை ஈரலைத் தவிர்த்து உடலின் பெருநாளத்துடன் இணைத்தார். 1893 இல் பவ்லோவும் அவரது சகாக்களும் இவ்வாறு இணைக்கப்பட்ட நாய்கள் இறைச்சி உண்டதும் தடுமாறி, வலிப்புற்று, நினைவிழந்ததைப் பதிவு செய்தனர். ஈரல் வடிகட்டவேண்டிய அமோனியா முதலான நச்சுக்கள் நேரே மூளையைச் சென்றடைந்ததே காரணம். இன்றுவரை இச்சிகிச்சையைப் பின்தொடரும் சிக்கலும் இதுவே.

1974 இல் அமெரிக்கரான ஹரி லெவீன் வேறொரு வழியை அறிமுகம் செய்தார். வயிற்று நீரைத் தோலின் கீழ் ஓடும் குழாய் மூலம் கழுத்து நாளத்திற்கே அது திருப்பியது. குழாய் அடைபடுதல், கிருமித்தொற்று, குருதி உறைதலில் கோளாறு ஆகியவற்றால் அம்முறை நாளடைவில் கைவிடப்பட்டது.

இன்று கையாளப்படுவது டிப்ஸ் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் முறை. இதில் வயிறு திறக்கப்படுவதில்லை. கழுத்து நாளத்தினூடாகச் செலுத்தப்படும் ஊசி, எக்ஸ் கதிரின் துணையுடன் ஈரல் நாளத்தை அடைந்து, ஈரலைத் துளைத்து வாயில் நாளத்தைத் தொடுகின்றது. அத்துளையைப் பலூனால் விரித்து, சுமார் 8 முதல் 10 மில்லிமீற்றர் விட்டமுள்ள உலோக வலைக்குழாய் பொருத்தப்படுகின்றது. 1969 இல் ஜோசப் ரோஷ் நாய்களில் செய்துகாட்டிய இம்முறை, 1988 இல் ஜேர்மனியின் பிரைபேர்க் நகரில் வலைக்குழாயுடன் மனிதருக்குச் செய்யப்பட்டது. ஆரம்பகால வெற்று உலோகக் குழாய்கள் விரைவில் அடைபட்டன. உறையிடப்பட்ட குழாய்களே அக்குறையைப் பெருமளவு நீக்கின.

பிரான்சில் 62 நோயாளரிடம் செய்யப்பட்டு 2017 இல் வெளியான ஆய்வில், உறையிட்ட குழாய் பெற்றோரில் 93 வீதமானோர் ஈரல் மாற்றுச் சிகிச்சையின்றி ஓராண்டைக் கடந்திருந்தனர். நீர் மட்டும் அகற்றப்பட்டோரில் இது 52 வீதமே. எனினும் இவர்கள் கவனமாகத் தெரிவு செய்யப்பட்டவர்கள் என்பதை மறக்கலாகாது. மஞ்சட்காமாலை முற்றியோர், இதயம் பலவீனமானோர், ஏற்கனவே அடிக்கடி சித்தம் தடுமாறுவோர் ஆகியோருக்கு இது நன்மையிலும் தீமையே செய்யக்கூடும். ஈரலின் தழும்பை இது மாற்றுவதுமில்லை. தகுதியுடையோர் ஈரல் மாற்றுச் சிகிச்சைக்காகக் காத்திருக்கும் காலத்தைக் கடக்கவே பெரிதும் உதவுகின்றது.

சிகிச்சையின் பின் நீர் ஒரே நாளில் வற்றிவிடாது. வாரங்கள், சிலவேளை மாதங்கள் செல்லும். உப்புக் கட்டுப்பாடும் தொடரவேண்டும். அக்காலத்தில் நோயாளி பகலில் உறங்கி இரவில் விழித்திருந்தாலோ, நீட்டிய கை படபடத்தாலோ, கையெழுத்துக் கோணினாலோ அதனை முதுமையின் தளர்ச்சி என்று விட்டுவிடாது உடனே வைத்தியரிடம் கூறவேண்டும். மலச்சிக்கலும் இந்நிலையைத் தூண்டும். லக்ருலோஸ் பாணி, வேறு மருந்துகள் ஆகியவற்றால் பெரும்பாலும் இதனைக் கட்டுப்படுத்தலாம். அவற்றுக்கும் அடங்காதவிடத்து, பொருத்திய குழாயையே உள்ளிருந்து ஒடுக்கிவிட முடியும்.