வீட்டு ஜாடியா, கடைப் புட்டியா?

செப்டம்பர் மாதம் பிறந்துவிட்டால் இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் ஒரு வேடிக்கையைக் காணலாம். நன்றாக உடுத்திய கனவான்களும் சீமாட்டிகளும் கையில் வாளியுடன் வேலியோரமாக நடந்து கொண்டிருப்பார்கள். வேலியில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் கறுப்பு எல்டர் பழங்களைப் பறித்து வாளியில் போடுவார்கள். விரலெல்லாம் ஊதா நிறம், சட்டையிலும் கறை. "பறவைகள் தின்னும் இந்தப் பழம் உங்களுக்கு எதற்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒயின் போடுவதற்கு!" என்று பெருமையோடு பதில் வரும்.

அதே ஊர்க் கடையில் பிரான்சு, ஸ்பெயின், சிலி, ஆஸ்திரேலியா என்று பல தேசத்து ஒயின் புட்டிகள் வரிசையாக அடுக்கியிருக்கும். காசைக் கொடுத்தால் கையில் வந்துவிடும். அதை விட்டுவிட்டு, ஓர் ஆண்டு காத்திருந்து குடிக்கும் பானத்துக்காக இவர்கள் ஏன் முள்ளில் கையைக் கிழித்துக் கொள்கிறார்கள்?

இங்கிலாந்தின் குளிருக்குத் திராட்சை எளிதில் இனிப்பதில்லை. ஆகவே அந்நாட்டுக் கிராமத்துப் பாட்டிமார்கள் கைக்கு எட்டிய எதையும் விட்டுவைக்கவில்லை. பிளாக்பெர்ரி, எல்டர் பூ, டாண்டலியன் பூ, ருபார்ப் தண்டு, காரட்டின் வெள்ளைத் தம்பி போல இருக்கும் பார்ஸ்னிப் கிழங்கு, எல்லாமே ஜாடிக்குள் போயின. சர்க்கரையைக் கலந்து, ஒரு ரொட்டித் துண்டை வாட்டி, அதன்மேல் ஈஸ்டைத் தடவி மிதக்க விடுவார்கள். அவ்வளவுதான் சாஸ்திரம்! சில ஜாடிகள் அமிர்தமாகும்; பல ஜாடிகள் காடியாகும்.

சர்க்கரையும் சட்டமும்

இரண்டாம் உலகப் போர் இந்தக் கலையை ஏறக்குறைய முடக்கிப் போட்டது. 1940-ல் சர்க்கரைக்குப் பங்கீடு வந்தது. காப்பிக்கே சர்க்கரை இல்லாதபோது ஒயினுக்கு ஏது? 1953 செப்டம்பரில்தான் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. உடனே ஜாடிகள் பரண்களிலிருந்து இறங்கின. ஆண்டோவர் என்ற சிற்றூரைச் சேர்ந்த சி. ஜே. ஜே. பெர்ரி என்பவர் 1960-ல் ஒயின் தயாரிப்பின் முதற் படிகளைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அது பதிப்புக்கு மேல் பதிப்பாக விற்று, இந்தப் பொழுதுபோக்குக்கு வேத புத்தகம் போல் ஆகிவிட்டது. பிற்பாடு 'பூட்ஸ்' மருந்துக் கடைகளில்கூட இருமல் மருந்துக்குப் பக்கத்தில் ஒயின் சாமான்கள் விற்றார்கள்.

தொலைக்காட்சியும் சும்மா இருக்கவில்லை. 1975 முதல் 1978 வரை பி.பி.சி.யில் வந்த 'தி குட் லைஃப்' என்ற நகைச்சுவைத் தொடரின் கதாநாயகன், பட்டாணித் தோலில் ஒயின் போட்டு அக்கம்பக்கத்தாரைப் படுத்தி வைப்பான். நாடே சிரித்தது. சிரித்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் அப்படி ஒரு ஜாடி ஒளிந்திருந்ததோ!

பிறகு வந்தது ஒரு திருப்பம். அன்று பிரிட்டனில் ஒயினுக்குத் தீர்வை மிக அதிகம். உள்நாட்டுச் சரக்கான பீருக்கு அந்த அளவு இல்லை. "இது எங்கள் ஒயினுக்குச் செய்யும் ஓரவஞ்சனை" என்று ஐரோப்பியத் தரப்பு வழக்காடியது. 1983-ல் ஐரோப்பிய நீதிமன்றம் பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 1984 பட்ஜெட்டில் நிதி மந்திரி நைஜல் லாசன் ஒயின் தீர்வையைப் புட்டிக்குச் சுமார் 18 பென்ஸ் குறைத்து, பீர் வரியை உயர்த்தினார். கடை ஒயின் மலிந்தது. சிக்கனத்துக்காக மட்டும் ஜாடி வைத்திருந்தவர்களில் பலர் அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள்.

ருசிக்காகவும் பிடிவாதத்துக்காகவும் வைத்திருந்தவர்கள்தாம் மிஞ்சினார்கள்.

ஜாடிக்குள் என்ன நடக்கிறது?

இதில் பாதி சமையல், பாதி ரசாயனம். ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்கிறது. ஏறக்குறைய சரிபாதி சாராயச் சத்தாகவும், மறு பாதி கரியமில வாயுவாகவும் மாறுகிறது. இது உயிருள்ள பொருளின் வேலை என்று நிரூபித்துக் காட்டியவர் பாஸ்டர். ஒயினைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சி நூல் 1866-ல் வெளிவந்தது.

ஒரு லிட்டரில் சுமார் 17 கிராம் சர்க்கரை, 1 சதவிகிதச் சாராயச் சத்தைத் தரும். அப்படியானால் நாலரை லிட்டர் கொண்ட ஒரு காலன் ஜாடியில் 12 சதவிகிதம் வேண்டுமென்றால், பழத்தின் சர்க்கரையையும் சேர்த்து 900 கிராம், அதாவது இரண்டு ராத்தல் போதும். பாட்டிமார்களோ மூன்று, நாலு ராத்தல் என்று வாரிக் கொட்டினார்கள். சாராயம் ஓர் அளவுக்கு மேல் ஏறியதும் ஈஸ்ட் ஓய்ந்து போகும். தின்னாத சர்க்கரை மிஞ்சிப் பாகு போல் தித்திக்கும். பழைய நாட்டு ஒயினைக் குடித்தவர்கள் "மருந்து மாதிரி இருக்கிறதே!" என்று முகத்தைச் சுளித்ததற்குக் காரணம் இதுதான்.

அந்த 900 கிராம் சர்க்கரையிலிருந்து 200 லிட்டருக்கு மேல் வாயு கிளம்புகிறது. மூடியை இறுக்கி வைத்தால் ஜாடி வெடித்துவிடும். திறந்து வைத்தால் ஈ மொய்த்து ஒயின் புளித்துக் காடியாகும். இதற்காகத் தண்ணீர் ஊற்றிய வளைந்த சிறு குழாய் ஒன்றை வாயில் செருகி விடுகிறார்கள். உள்ளே இருக்கும் வாயு 'களுக், களுக்' என்று வெளியேறும். வெளிக்காற்று உள்ளே போகாது. இரவில் வீடு அடங்கிய பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்குவது தனிச் சுகம் என்கிறார்கள் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள்.

சத்தம் நின்றதும் அடியில் தங்கிய மண்டியைக் கலக்காமல் ரப்பர் குழாயால் தெளிவை இறக்க வேண்டும். சில மாதம் கழித்து மறுபடியும் இறக்க வேண்டும். எல்டர் ஒயின் முதலில் துவர்க்கும். ஓர் ஆண்டாவது பொறுத்தால்தான் வாயில் வைக்கலாம். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை லாயக்கில்லை.

விஷமாகிவிடாதா?

நம் ஊர் வாசகருக்கு இந்தச் சந்தேகம் எழுவது இயல்பே. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் மாண்ட கொடுமையை யார் மறப்பார்? அது மெத்தனால் கலந்த சாராயத்தின் வேலை. பழரசம் புளிக்கும்போதும் மெத்தனால் உண்டாவது உண்மைதான். ஆனால் அது மிகச் சொற்பம். வடிப்பதும், கண்ட திரவத்தைக் கலப்பதும்தான் ஆளைக் கொல்லும் காரியங்கள். அனுமதியின்றிச் சாராயம் வடிப்பது பிரிட்டனிலும் குற்றமே.

ஒயினிலும் ஆபத்தே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். ருபார்ப் இலை நஞ்சு. தண்டு மட்டுமே உதவும். எல்டர் பழத்தைப் பச்சையாகத் தின்றால் வாந்தி வரும். காம்பு நீக்கிக் காய்ச்ச வேண்டும். துத்தநாகம் பூசிய வாளியில் புளித்த ரசத்தை வைத்தால் உலோகம் கரைந்து இறங்கும்.

தமிழ்நாட்டு வாசகர்கள் ஜாடி தேட வேண்டாம். 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி இங்கே உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம்.

கணக்குப் பார்த்தால்

வேலியோரப் பழம் இலவசம். சர்க்கரையும் ஈஸ்டும்தான் செலவு. ஒரு காலனுக்கு ஆறு புட்டி கிடைக்கும். கடையிலோ, 12.5 சதவிகித ஒயின் புட்டி ஒன்றுக்கு 2025-ல் தீர்வை மட்டும் இரண்டே முக்கால் பவுனுக்கு மேல். அதன்மேல் 20 சதவிகித வரி வேறு. ஐந்து பவுன் புட்டி வாங்கினால் ஏறக்குறைய மூன்றரைப் பவுன் சர்க்காருக்கே போகிறது. கண்ணாடி, கப்பல் கூலி, கடைக்காரர் லாபம் எல்லாம் போக, உள்ளே இருக்கும் திராட்சைக்கு என்ன மிஞ்சும்? சில காசுதான்! வீட்டு ஒயினுக்கு இந்த வரி எதுவும் கிடையாது. தன் வீட்டு உபயோகத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக் கொள்ளலாம்.

இருந்தாலும் நல்ல சிவப்புத் திராட்சை ஒயின் வேண்டுமென்றால் கடைக்குப் போவதே மேல் என்பது என் அபிப்பிராயம். போர்டோ தோட்டக்காரன் தலைமுறை தலைமுறையாகச் செய்வதை, டப்பாவில் வரும் திராட்சைப் பாகைக் கரைத்து முப்பது புட்டி நிரப்பும் மனிதர் எட்டிப் பிடிக்க முடியாது. ஆனால் எல்டர் பூ ஒயினின் வாசனை வேண்டுமா? அதைக் கடையில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பூப்பருவமே முடிந்துவிடும். அது வீட்டில் பிறக்க வேண்டிய சரக்கு.

ஒரே ஒரு நிபந்தனை: விற்கக் கூடாது. விற்றால் உரிமம், தீர்வை எல்லாம் உடனே வாசலில் வந்து நிற்கும். ஆகவே மிஞ்சியதைத் தானம் செய்கிறார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் பக்கத்து வீட்டுக்குப் பார்ஸ்னிப் ஒயின் ஒரு புட்டி போகும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்து, மரியாதைக்காக "பிரமாதம்!" என்பார். அப்படிச் சொன்னதற்காக, அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவருக்கு இரண்டு புட்டி!