வலி சொல்லாத ஆபத்து (இதயம் அறிவோம் – 17)

'வலி குறைஞ்சிடுச்சு டாக்டர், வார்டுக்கு மாத்திடலாமா?' தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அடிக்கடி கேட்கும் கேள்வி. வலி எவ்வளவோ ஆபத்தும் அவ்வளவு என்று குடும்பத்தார் நம்புகிறார்கள். இந்த வாரம் முழுக்க அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் எழுத வேண்டும். அது உயிரை வாங்குகிறது.

1967இல் நியூயார்க்கில் தாமஸ் கில்லிப், ஜான் கிம்பால் என்ற இரு மருத்துவர்கள், மாரடைப்போடு வந்த 250 பேரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆஞ்சியோபிளாஸ்டி பிறக்காத காலம். ஸ்டெதஸ்கோப், ரத்த அழுத்தக் கருவி, தொட்டுப் பார்க்கக் கை. இவற்றைக் கொண்டே நோயாளிகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள். இதயம் தளர்ந்ததற்கான அடையாளமே இல்லாதவர்கள் முதல் வகை. அவர்களில் இறந்தவர்கள் 6 சதவீதம். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் நுரையீரலின் அடியில் நொறுநொறுவென்று சத்தம் கேட்பவர்கள் இரண்டாவது வகை. அங்கே 17 சதவீதம். இதயம் தள்ள முடியாத ரத்தம் பின்னால் தேங்கி, நுரையீரலுக்குள் நீர் கசிவதால் எழும் சத்தம் அது. நுரையீரல் முழுக்க நீர் கோத்து மூச்சு முட்டுபவர்கள் மூன்றாவது, 38 சதவீதம். நான்காவது வகையினருக்குக் கை கால் சில்லிட்டிருக்கும், வியர்த்துக் கொட்டும், சிறுநீர் குறையும், ரத்த அழுத்தம் 90க்கு மேல் ஏறாது. அவர்களில் 81 சதவீதம் பேர் இறந்தார்கள்.

இன்று இந்த எண்கள் எல்லாமே வெகுவாக இறங்கிவிட்டன. வரிசை மட்டும் அப்படியே இருக்கிறது. மாரடைப்பு நோயாளியின் ஆபத்தைக் கணிக்கப் பின்னாளில் வந்த 'கிரேஸ்' மதிப்பெண் முறையும் கில்லிப் வகையைத் தன் எட்டுக் காரணிகளில் ஒன்றாக வைத்துக்கொண்டது. வயது, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், இசிஜி மாற்றம் ஆகியவற்றோடு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் அதில் உண்டு. நெஞ்சுவலி என்று வந்தவருக்குக் கிட்னி டெஸ்ட் எதற்கு என்று கோபப்படுபவர்களுக்கு: இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. இதயம் தளர்ந்தால் அங்கே உடனே தெரியும். எட்டில் எங்கும் வலியின் கடுமைக்கு மதிப்பெண் இல்லை.

வலியே இல்லாதவர்கள் கதி இன்னும் மோசம். அமெரிக்காவில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 2000இல் வந்த ஆய்வில், மூவரில் ஒருவருக்கு நெஞ்சுவலி வரவே இல்லை. முதியவர்கள், பெண்கள், சர்க்கரை நோயாளிகள் அவர்களில் அதிகம். மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் வலி இல்லாதவர்களில் 23.3 சதவீதம், வலியோடு வந்தவர்களில் 9.3. வலி இல்லாததால் தாமதமாக வந்தார்கள், சிகிச்சையும் குறைவாகவே கிடைத்தது. சர்க்கரை நோயுள்ள அம்மாவுக்குத் திடீரென்று மூச்சு வாங்கி, உடம்பெல்லாம் வியர்த்தால், 'வாயுதான்' என்று சோடா வாங்கிக் கொடுக்காதீர்கள். இசிஜி எடுங்கள்.

தாமதமும் சிகிச்சைக் குறைவும் நம் நாட்டில் எப்படி என்று பார்ப்போம். 2008இல் வெளியான 'கிரியேட்' ஆய்வு, இந்தியாவின் 89 மருத்துவமனைகளில் 20,468 பேரைக் கவனித்தது. கடும் மாரடைப்பு கண்டவர்களில் பாதிப்பேர் மருத்துவமனை வாசலை மிதிக்கவே ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் ஏழைகளில் 8.2 சதவீதம், வசதியானவர்களில் 5.5. ஏழைகளின் உடல்நிலை மோசமாக இருந்திருக்கும் என்று தோன்றும். ஆய்வாளர்கள் அதையும் கணக்கிட்டுப் பார்த்தார்கள். வித்தியாசம் அப்படியே நின்றது. கிடைத்த சிகிச்சையைக் கணக்கில் சேர்த்தபோதுதான் அது மறைந்தது.

(தொடரும்)