வேன் ஓரத்துப் படுதாவும் கோடைக் காற்றும்

ஆரணியிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையும், வந்தவாசியிலிருந்து போளூருக்குப் போகும் சாலையும் சேத்துப்பட்டில் சந்திக்கின்றன. சுற்றுப்பட்டு ஊர்களில் பட்டுத்தறி. ஊருக்குள் நெல் மூட்டைகள் வந்து குவியும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். அமாவாசை வந்தால் மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கும், பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலை கிரிவலத்துக்கும் போகிற வேன்கள் இந்த வட்டாரச் சாலைகளில் வரிசை கட்டும். மதியச் சாப்பாட்டுக்கு அவை புளியமரம் பார்த்து ஒதுங்கும். மரம் கிடைக்காத இடத்தில் படுதா வெளியே வரும். அதன் இரண்டு முனைகளை வேனின் மேல் கேரியரில் கட்டி, மற்ற இரண்டு முனைகளை மூங்கிலில் தூக்கி நிறுத்தினால் தீர்ந்தது. அடியில் பாய் விரித்துப் புளிசாதத் தூக்கைத் திறந்துவிடுவார்கள்.

இதே ஏற்பாட்டைத்தான் ஐரோப்பாவில் அலுமினியப் பெட்டிக்குள் சுருட்டி, கேம்பர் வேனின் பக்கவாட்டில் பொருத்தி விற்கிறார்கள். கைப்பிடியைச் சுற்றினால் துணி வெளியே நீளும், இரண்டு கால்கள் இறங்கும். இத்தாலியின் ஃபியாம்மா, ஸ்வீடனின் தூலே ஆகியவை இதில் பெயர்பெற்ற நிறுவனங்கள். நம் பக்கமும் டெம்போ டிராவலரை வீடாக மாற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் பெருகிவருகிறார்கள். கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனித் திட்டம் அறிவித்தது. இப்படி வேன் கட்டுகிறவர்கள் எல்லோரும் சீக்கிரமே வந்து நிற்கும் கேள்வி, எந்தப் படுதா வாங்குவது, அதை எங்கே எப்படி மாட்டுவது என்பது.

பெரும்பாலோர் வெயிலை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், காற்றை மனத்தில் வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வெயிலை ஒரு பழைய வேட்டிகூட மறைத்துவிடும். படுதாவைக் கிழிப்பதும், தகட்டைப் பிய்ப்பதும், ஆளை அடிப்பதும் காற்றுதான்.

காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட, கட்டடப் பொறியாளர்கள் கையாளும் எளிய சூத்திரம் ஒன்று உண்டு. காற்றின் வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்துக்கொண்டு, அதன் இருமடியை 0.6-ஆல் பெருக்க வேண்டும். விடை சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று வரும். 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள ஒரு படுதாவை எடுத்துக்கொள்வோம். பரப்பு 6 சதுர மீட்டர். காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் அதன் மீது சுமார் 25 கிலோ எடைக்குச் சமமான விசை விழும். 40 கிலோமீட்டர் என்றால் 45 கிலோ. 50 என்றால் 70 கிலோ. 60 என்றால் 100 கிலோவைத் தாண்டிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு ஆகிறது. இளங்காற்றில் சமர்த்தாக நின்ற படுதா திடீரென்று பிய்த்துக்கொண்டு போவதன் காரணம் இந்த இருமடிதான்.

வேனை ஒட்டிக் கட்டும்போது இன்னொரு சிக்கல் சேர்கிறது. திறந்த பக்கத்திலிருந்து உள்ளே புகுந்த காற்று, வேனின் பக்கச்சுவரில் மோதி, போக வழியில்லாமல் படுதாவை அடியிலிருந்து மேலே தள்ளுகிறது. மேற்புறம் ஓடும் காற்று வேகமெடுப்பதால் அங்கே அழுத்தம் குறைகிறது. கீழே தள்ளல், மேலே இழுப்பு. ஆகவே மேலே சொன்ன கணக்கைவிடக் கூடுதல் விசையே வரக்கூடும். அடியில் முட்டுக்கொடுத்த மூங்கில் அப்போது எதையும் தாங்குவதில்லை. படுதா கீழே விழாமல் இருக்கத்தான் மூங்கில். மேலே பறக்காமல் இருக்கக் கயிறும் முளையும் வேண்டும். ரோமாபுரியின் கொலோசியத்தில் பார்வையாளர்களுக்கு மேலே விரித்த பெரும் துணிப்பந்தலை இயக்கும் பொறுப்பு கடற்படை மாலுமிகளிடம் இருந்தது. விரித்த துணி எதுவானாலும் அது கப்பல் பாய்தான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தார்ச்சாலை ஓரத்தில் முளை அடிக்க முடியாது. அதற்கு நம்மிடம் நல்ல மாற்று இருக்கிறது: 20 லிட்டர் தண்ணீர் கேன். நிரம்பிய கேன் ஒன்று 20 கிலோ. மணிக்கு 50 கிலோமீட்டர் காற்றில் வரும் 70 கிலோவில் ஏறத்தாழ பாதியை வேன் தாங்கும். மறுபாதி வெளி முனைகளுக்கு வரும். முனைக்கு ஒரு கேன் வீதம் இரண்டு கேன் கட்டினால் அது மட்டுமட்டாகத்தான் நிற்கும். முனைக்கு இரண்டு என்றால் கொஞ்சம் நிம்மதி.

கயிற்றை இறுக்குவதில் லாரிக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி போட்டு, நுனியைக் கொக்கியில் சுற்றிக் கொண்டுவந்து அந்தக் கண்ணிக்குள் விட்டுக் கீழே இழுப்பார்கள். அந்தக் கண்ணி ஒரு கப்பி போல வேலை செய்கிறது. ஏட்டுக் கணக்கில் இழுப்பு மூன்று மடங்காக வேண்டும். கயிறு கயிற்றோடு உரசுவதால் பாதிக்கு மேல் உராய்வில் போய்விடும். ஆனாலும் வெறுங்கையால் இழுப்பதைவிட நன்றாகவே இறுகும். இதன் பெரிய நன்மை வேறு. சுருக்குப் போட்டு முடித்தால் ஒரே இழுப்பில் அவிழும். காற்று கிளம்பிய பிறகு முடிச்சை நகத்தால் நோண்டிக்கொண்டு நிற்க நேரம் இருக்காது.

வெயிலுக்கு வருவோம். சேத்துப்பட்டு ஏறத்தாழ 12.5 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 23 வாக்கிலும் ஆகஸ்ட் 20 வாக்கிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அப்போது கடிகாரத்தில் மணி 12.10-ஐத் தாண்டியிருக்கும். அந்த நேரத்தில் படுதாவின் நிழல் சரியாக அதன் அடியிலேயே விழும். மாலை 4 மணிக்கு நிலைமை வேறு. ஏப்ரல் கடைசியில் அந்நேரத்துச் சூரியன் மேற்கே அடிவானத்திலிருந்து 34 பாகை உயரத்தில் நிற்கும். 2.1 மீட்டர் உயரத்தில் கட்டிய படுதாவின் நிழல் 3 மீட்டர் கிழக்கே தள்ளிப் போய்விடும். படுதா வேனின் மேற்குப் பக்கத்தில் இருந்தால் அந்த நிழல் வேனின் மீதும் அதன் அடியிலும் விழும். பாயில் உட்கார்ந்தவர்கள் முகத்தில் வெயில் அடிக்கும். எத்தனை விலை கொடுத்து வாங்கிய படுதாவும் அங்கே பயன்படாது.

அதே நேரத்தில் 2.5 மீட்டர் உயரமுள்ள வேன், தன் கிழக்குப் பக்கத்தில் மூன்றரை மீட்டருக்கு மேல் நிழல் தருகிறது. நம் நாட்டில் வேனின் கதவு இடப்பக்கம். படுதாவும் அந்தப் பக்கம்தான் கட்டுவோம். எனவே மாலையில் வண்டியைத் தெற்கு நோக்கி நிறுத்த வேண்டும், இடப்பக்கம் கிழக்காகும். காலையில் வடக்கு நோக்கி நிறுத்தினால் இடப்பக்கம் மேற்காகும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. படுதா வாங்கும் முன் இதைப் பழகிக்கொண்டால், 2 மீட்டர் அகலமே போதும் என்பது தெரியவரும். சிறிய படுதாவுக்குக் காற்றுச் சுமையும் குறைவு.

எந்தத் துணி? தறி தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதில் பாதி விஷயம் சொல்லாமலே புரியும். துணியைப் பாவு வாக்கிலோ ஊடை வாக்கிலோ இழுத்தால் அது அசையாது. மூலைவாட்டமாக இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும், ஏனென்றால் அந்தத் திசையில் நூல் எதுவும் ஓடவில்லை. படுதாவை நாம் கட்டுவதோ நான்கு மூலைகளிலும் மூலைவாட்டமாக. அதனால்தான் ஓரங்கள் தொய்கின்றன. தொய்ந்த ஓரம் காற்றில் படபடக்கும். அந்தப் படபடப்பே வளையத்தைச் சுற்றியுள்ள தையலை நைய வைக்கும். நல்ல படுதாவில் மூலைக்கு மூலை இரண்டு மூன்று அடுக்குத் துணி வைத்துத் தைத்திருப்பார்கள். ஓரங்களை நேர்க்கோடாக வெட்டாமல் உள்வாங்கிய வளைவாக வெட்டியிருப்பார்கள். இழுத்துக் கட்டும்போது அந்த வளைவு ஓரம் முழுவதையும் விறைப்பாக்கும். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது மூலைகளைத்தான்.

ஆரணிப் பட்டு இந்த வேலைக்கு ஆகாது. இயற்கை இழைகளில் புற ஊதாக் கதிருக்கு எளிதில் இரையாவது பட்டு. அதன் புரதத்தில் உள்ள டைரோசின், டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலங்கள் அந்தக் கதிரை உறிஞ்சிச் சிதைவதால் வெண்பட்டு மஞ்சளடித்து வலுவிழக்கிறது. பருத்திக் கித்தான் நல்ல துணி. நனைந்ததும் நூல் உப்பித் துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். ஆனால் கனம் அதிகம், ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நீலத் தார்ப்பாய் பாலித்தீன் நாடாக்களால் நெய்தது. புற ஊதாத் தடுப்பு சேர்க்காதது என்றால் ஒரு கோடையிலேயே தூள் தூளாக உதிரத் தொடங்கும். பிவிசி பூசிய பாலியஸ்டர்தான் விலைக்கும் உழைப்புக்கும் பொருந்தி வருகிறது. மேற்புறம் வெள்ளையாக இருந்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். கறுத்த துணி நிழல் தரும். ஆனால் தானே சூடேறி அகச்சிவப்புக் கதிராக அந்தச் சூட்டைத் தலைமேல் இறக்கும்.

பச்சை நிழல்வலையை யாரும் கேம்பர் வேனுக்கு நினைப்பதில்லை. மழை வராத மாதங்களுக்கு என் தேர்வு அதுதான். வெயிலில் 75 சதவீதத்தைத் தடுக்கும் வலை தாராளமாகக் கிடைக்கிறது. காற்று ஊடுருவிப் போவதால் இழுப்பு குறைவு, சூடான காற்றும் தங்காது.

பொருத்துவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வேனின் பக்கத் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம். அதில் முடுக்கிய திருகாணியின் ஒரு சுற்றுப் புரிகூட முழுதாகப் பிடிக்காது. நேரடியாகப் பொருத்தத்தான் வேண்டுமென்றால், பாடியின் இரும்புச் சட்டம் எங்கே ஓடுகிறது என்று பார்த்து அதில் போல்ட் இறக்க வேண்டும்; உட்புறம் அகலமான தகடு ஒன்றை அண்டை கொடுக்க வேண்டும். கரூர்ப் பட்டறைகளில் பாடி கட்டியவர்களுக்கு அந்தச் சட்டம் இருக்கும் இடம் அத்துப்படி. படுதாவின் ஓரத்தைச் செருகும் அலுமினியச் சேனலும் வேனின் இரும்புத் தகடும் நேரடியாக ஒட்டி, இடையில் மழைநீர் தங்கினால் அது ஒரு சிறு மின்கலமாகிவிடும். அலுமினியம் வெண்பொடியாக அரிபடும். நடுவில் ரப்பர் பட்டை வேண்டும். துளையின் விளிம்பில் துரு எதிர்ப்புப் பூச்சு வேண்டும்.

துளை போடாமல் காந்தத்தால் ஒட்டலாம் என்பார்கள். காந்தத்தை நேராக இழுத்தால் வலிமைதான். பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கும், படுதா இழுப்பதோ பெரும்பாலும் பக்கவாட்டில். சாதாரண வகை நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். சித்திரை வெயிலில் கறுப்புக் கூரைத் தகடு அந்த எல்லையை நெருங்கிவிடும். ஒட்டுறிஞ்சிக் கிண்ணமும் அப்படித்தான். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தை வளிமண்டலம் 80 கிலோ அளவுக்கு அழுத்திப் பிடிக்கும் என்று கணக்கு சொல்லும். விளிம்பில் ஒரு மணல் துகள் புகுந்தால் அந்தக் கணக்கு முடிந்தது.

மேல் கேரியரில் கிளாம்ப் போட்டுக் கழற்றி மாட்டுவதே நமக்கு ஏற்ற வழி. வண்டியின் பதிவு விவரங்களுக்கு மாறான மாற்றத்தை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவில் தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. நிரந்தரமாக எதையும் பற்றவைக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. கிளாம்பில் கட்டிய படுதாவுக்கும் வேனுக்கும் இடையே விழும் நாலு விரல் இடைவெளி கோடையில் வரப்பிரசாதம். சூடான காற்று அந்த வழியே மேலேறும். அடியிலிருந்து முட்டும் காற்றின் அழுத்தமும் கொஞ்சம் தணியும். மழையில் அதே இடைவெளி ஒழுகும். ஐப்பசி, கார்த்திகையில் பயணம் போகிறவர்களுக்குத்தான் சேனல் தேவை.

மழைக்கு வெளி முனை ஒன்றை நன்றாகத் தாழ்த்தி விடுங்கள். 6 சதுர மீட்டர் படுதாவில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் தேங்கினால் அது 60 லிட்டர், அதாவது 60 கிலோ. தேங்கத் தேங்கத் துணி தாழும்; தாழத் தாழ இன்னும் தேங்கும்.

வேன் வைத்திருப்பவர்களிடமும் கோயிலுக்குக் கூட்டிப் போகிறவர்களிடமும் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். படுதாவுக்கு அடியில் கேஸ் அடுப்பு வைக்காதீர்கள். பாலித்தீன் 130 டிகிரிக்குள் உருகிச் சொட்டும், சொட்டும்போதே எரியும். இரும்புக் குழாயை முட்டுக்கொடுக்கும் முன் தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். சித்திரை, வைகாசி மாலைகளில், 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும் என்று வானிலை மையம் அறிவித்திருந்தால், மழைக்கு முன்னே மண்வாசனையோடு குளிர்காற்று ஒன்று வரும். இடிமேகத்திலிருந்து இறங்கித் தரையில் மோதிப் பரவும் காற்று அது. அது முகத்தில் பட்டதும் சாப்பாட்டைப் பாதியில் விட்டாலும் பரவாயில்லை, படுதாவை அவிழ்த்துச் சுருட்டிவிட்டு எல்லோரும் வேனுக்குள் ஏறிக் கண்ணாடியை மூடிக்கொள்ளுங்கள். மின்னல் வேன் மீதே விழுந்தாலும், அதன் இரும்புக் கூடு மின்சாரத்தை வெளிப்புறமாகவே தரைக்குக் கடத்திவிடும். படுதாவுக்கு அடியில் நிற்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.