வளைந்து வென்ற வீரர்

செங்குத்தான பனிச்சரிவு. உச்சியிலிருந்து அடிவரை அறுபது, எழுபது இடங்களில் கழிகள் நட்டு வாயில்கள் அமைத்திருக்கிறார்கள். கால்களில் நீண்ட சறுக்குப் பட்டைகளைப் பூட்டிய வீரர் ஒவ்வொரு வாயிலிலும் புகுந்து, இடமும் வலமுமாக வளைந்து இறங்க வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் போட்டியிலிருந்து நீக்கம். இதற்கு ஸ்லாலம் என்று பெயர். வாயில்கள் தள்ளித் தள்ளி இருந்து, வேகமும் கூடினால் அது ஜயன்ட் ஸ்லாலம். இருமுறை இறங்கிய நேரங்களைக் கூட்டி முடிவு சொல்வார்கள்.

இந்த இரண்டிலும் இணையற்று விளங்கியவர் ஸ்வீடன் நாட்டு இன்கெமார் ஸ்டென்மார்க். 1956இல் பிறந்து, வட ஸ்வீடனில் தார்னபி என்னும் சிற்றூர்ப் பகுதியில் வளர்ந்தவர். 1974 டிசம்பரில் இத்தாலியில் முதல் உலகக் கோப்பைப் போட்டியை வென்றார். 1989இல் ஓய்வு பெற்றபோது அவரது வெற்றிகள் 86. ஸ்லாலத்தில் 40, ஜயன்ட் ஸ்லாலத்தில் 46. இந்த எண்ணிக்கையை அமெரிக்காவின் மிக்கேலா ஷிஃப்ரின் தாண்டியது 2023 மார்ச்சில், அதுவும் ஸ்வீடன் மண்ணில்.

ஸ்டென்மார்க் மற்றவர்களைவிட எதில் மேம்பட்டவர்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சரிவின் உயரம் 180 மீட்டர் என்று கொள்ளுங்கள். நிலையாற்றல் முழுவதும் இயக்க ஆற்றலாக மாறினால், அடிவாரத்தில் வேகம் வினாடிக்கு 59 மீட்டர், அதாவது மணிக்கு 210 கிலோமீட்டருக்கு மேல்! ஸ்லாலம் வீரரோ மணிக்கு 40 கிலோமீட்டரையொட்டித்தான் செல்கிறார். மீதி ஆற்றல் எங்கே போயிற்று? கொஞ்சம் காற்றுத் தடைக்கு. பெரும்பகுதி, வளைவுகளில் பட்டையின் விளிம்பு பனியைச் சுரண்டுவதற்கு. பட்டை பக்கவாட்டில் வழுக்கினால் பனித்தூள் விசிறிப் பறக்கும். படத்துக்கு அது அழகு. வீரருக்கோ அது பிரேக் போட்டதற்குச் சமம். விளிம்பு மட்டும் மெல்லிய கோடாகப் பனியைக் கீறிக்கொண்டு போனால் இழப்பு குறைவு. ஸ்டென்மார்க்கின் திறமை இங்கேதான் இருந்தது.

சைக்கிளில் திரும்பும்போது உள்பக்கம் சாய்கிறோம் அல்லவா? இங்கும் அதே விதிதான். வினாடிக்கு 12 மீட்டர் வேகத்தில், 12 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்பினால் மையநோக்கு முடுக்கம் 12. புவியீர்ப்பு முடுக்கமோ 9.8. சரிவை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் வீரர் செங்குத்திலிருந்து சுமார் 51 டிகிரி சாய வேண்டும். 75 கிலோ மனிதரின் கால்கள் அப்போது ஏறக்குறைய 120 கிலோவைத் தாங்கும். அடுத்த நொடியில் மறுபக்கம் சாய வேண்டும்!

1979 பிப்ரவரியில் செக்கோஸ்லோவாகியாவின் யாஸ்னாவில் ஜயன்ட் ஸ்லாலம் ஒன்றை அவர் 4.06 வினாடி வித்தியாசத்தில் வென்றார். நூறில் ஒரு பங்கு வினாடியில் வெற்றி தோல்வி முடிவாகும் ஆட்டம் இது. மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் 4.06 வினாடி என்றால் சுமார் 80 மீட்டர். அந்தப் பருவத்தின் பத்து ஜயன்ட் ஸ்லாலம்களையும் அவரே வென்றார். ஆனால் 1976 முதல் 1978 வரை தொடர்ந்து பெற்ற ஒட்டுமொத்தக் கோப்பை அவ்வாண்டு கிடைக்கவில்லை. ஒரு வகைப் பந்தயத்தில் எத்தனை வென்றாலும் சில முடிவுகளே கணக்கில் சேரும் என்று விதி இருந்ததே காரணம். ஒரே கலையில் கரைகண்டவரை இப்படித் தண்டிப்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

அதே ஆண்டு, நேராகப் பாய்ந்திறங்கும் டவுன்ஹில் பயிற்சியில் விழுந்து தலையில் அடிபட்டார். சில மாதங்களில், 1980 பிப்ரவரியில், லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் இரு தங்கம்! ஸ்லாலத்தில் அமெரிக்காவின் ஃபில் மேரை அரை வினாடியில் முந்தினார். 1984 சரயேவோ ஒலிம்பிக்கிலோ அவருக்கு இடமில்லை. விளம்பரப் பணத்தை நேரடியாகப் பெறும் உரிமம் வைத்திருந்ததால் அமெச்சூர் விதி தடுத்துவிட்டது.

அதற்குள் ஆட்டமே மாறிக்கொண்டிருந்தது. விறைப்பான கழிகளுக்குப் பதிலாக, அடியில் கீல் வைத்து, தட்டினால் சாய்ந்து நிமிரும் கழிகள் 1980களின் தொடக்கத்தில் வந்தன. முன்பு உடல் முழுவதும் கழியைச் சுற்றிப் போக வேண்டும். இப்போது பட்டைகளும் கால்களும் வெளியே சுற்றினால் போதும். உடலைக் கழியின் மேலேயே சாய்த்துக் கையால் தள்ளிவிடலாம். உடலின் ஈர்ப்பு மையம் செல்லும் பாதை குறுகியது, நேரமும் குறைந்தது. பழைய கழிகளில் பழகியவர்களுக்கு இது புதுப்பாடம். ஸ்டென்மார்க் அதற்குப் பின்னரும் வென்றார். 86ஆவது வெற்றி 1989 பிப்ரவரியில், அமெரிக்காவின் ஆஸ்பென் சரிவில், ஜயன்ட் ஸ்லாலத்தில் கிடைத்தது. அப்போது வயது 32.