இரைப்பைக்கு ஒரு வளையம். இல்லத்துக்கு ஒரு கடமை

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என அளவு வகுத்துத் தந்த அண்ணல் நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். ஆயினும் சஹனைச் சுற்றி அமர்ந்து விருந்துண்ணும் வேளையில், மூச்சுக்குரிய அந்தப் பங்கு நமக்கு நினைவில் நிற்பதில்லை. "இன்னும் ஒரு கை" என்று அள்ளி வைப்பதே அன்பின் அடையாளம் எனக் கருதி வளர்ந்துவிட்டோம்.

இதைக் கூறுவதால், உடற்பருமன் என்பது பெருந்தீனிக்குக் கிடைத்த தண்டனை என எவரும் எண்ணிவிட வேண்டாம். பரம்பரை, சுரப்பிகளின் கோளாறு, மகப்பேறு, சில மருந்துகள் எனக் காரணங்கள் பல உள. அது ஒரு நோய். நோயாளியைப் பழிப்பது மார்க்கம் காட்டிய வழியன்று.

என் மூத்த சகோதரியை நாங்கள் ராத்தா என்றே அழைப்போம். 2008-ஆம் ஆண்டு அவருடைய எடை 118 கிலோ. சர்க்கரை நோய் ஒருபுறம், முழங்கால் வலி மறுபுறம். நாற்காலியில் அமர்ந்தே தொழுது வந்தார். நெற்றி தரையில் படும்படி ஸுஜூது செய்ய இயலவில்லையே என்பதுதான் அவருடைய பெருங்கவலை. பத்தியமும் நடையும் பலனளிக்காத நிலையில், மருத்துவரின் ஆலோசனைப்படி இரைப்பையில் வளையம் பொருத்திக் கொண்டார்.

வளையம் செய்யும் வேலை

இந்தச் சிகிச்சையில் இரைப்பை வெட்டப்படுவதில்லை. அதன் மேற்பகுதியைச் சுற்றி சிலிக்கோனால் ஆன வளையம் ஒன்று பூட்டப்படுகிறது. அதற்கு மேலே முட்டையளவுகூட இல்லாத ஒரு சிறு பை உண்டாகிறது. உண்ட உணவு அந்தப் பையில் தங்கி, வளையத்தின் இடுக்கு வழியே மெல்லக் கீழிறங்கும். ஆகவே சிறிதளவு உணவிலேயே பசி தணிகிறது. வளையத்தின் உட்புறம் உள்ள மெல்லிய பலூனை, வயிற்றுத் தோலுக்கடியில் வைக்கப்பட்ட சிறு குமிழுடன் ஒரு குழாய் இணைக்கிறது. அக்குமிழில் ஊசி மூலம் உப்புநீரைச் செலுத்தினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும்.

துளையிட்டுச் செய்யும் முறையில் இவ்வளையம் முதன்முதலில் 1993-இல் பெல்ஜியம் நாட்டில் பொருத்தப்பட்டது. அமெரிக்க அரசு 2001-இல் இதற்கு அனுமதி வழங்கியது. சில ஆண்டுகள் பெரும் வரவேற்பு இருந்தது. இன்று அந்த இடத்தை, இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கிக் குழாய் போலாக்கும் அறுவை பிடித்துக்கொண்டது. எனினும் முன்பு வளையம் பொருத்திக்கொண்டோர் பலர் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களுக்கும், அவர்களுக்குச் சமைத்துப் போடும் வீட்டாருக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு.

பத்தாண்டுகளுக்குப் பின்

ராத்தாவின் எடை 2010-இல் 86 கிலோவாக இறங்கியது. அல்ஹம்துலில்லாஹ் என்று மகிழ்ந்தோம். அதன்பின் தராசு முள் மெல்ல மேலேறத் தொடங்கியது. 2014-இல் 101 கிலோ! ஒரு திருமண வீட்டில் உறவினர் ஒருவர், "இத்தனை செலவழித்து அறுவை செய்தும் என்ன பயன்?" என்று பலர் முன்னிலையில் கேட்டுவிட்டார். அன்று முதல் ராத்தா மருத்துவரிடம் செல்வதையே நிறுத்திக்கொண்டார். வெட்கம் அவரை வீட்டுக்குள் முடக்கியது.

உண்மையில் வெட்கப்பட அங்கே எதுவும் இல்லை. சுவீடன் நாட்டில் 1987-இல் தொடங்கிய பேராய்வு ஒன்றில், பருமன் குறைப்பு அறுவை செய்துகொண்ட 2010 பேரையும், செய்துகொள்ளாத 2037 பேரையும் மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் கண்காணித்தனர். 2007-இல் வெளியான முடிவுகளின்படி, வளையம் பொருத்தியோர் முதலிரண்டு ஆண்டுகளில் தம் எடையில் சராசரியாக 20 விழுக்காடு வரை குறைந்தனர். பத்தாம் ஆண்டில் அந்தக் குறைவு 14 விழுக்காடாகவும், பதினைந்தாம் ஆண்டில் 13 விழுக்காடாகவும் இருந்தது. அதாவது 120 கிலோ எடையுள்ளவர் 96 கிலோவுக்கு இறங்கி, பின்னர் 104 கிலோ அளவில் நிலைகொள்கிறார். அறுவை செய்யாதவர்களின் எடையோ ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருந்தது. அறுவை செய்தோரிடையே இறப்பு விகிதமும் ஏறக்குறைய கால் பங்கு குறைவாகக் காணப்பட்டது.

ஆகவே, இறங்கிய எடையில் ஒரு பகுதி திரும்புவது நோயின் இயல்பு, நோயாளியின் குற்றமன்று. எஞ்சி நிற்கும் குறைவே சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் முழங்காலுக்கும் பெரும் நன்மை தரவல்லது.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. வளையம் இடம் நழுவலாம், மேற்பை விரியலாம், இரைப்பைச் சுவரை வளையம் அரித்து உட்செல்லவும் கூடும். பிரஸ்ஸல்ஸ் நகரில் 12 ஆண்டுகளுக்கும் மேலாகக் கண்காணிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வளையத்தை அகற்ற நேர்ந்ததாக 2011-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. எனவே ஆயுள் முழுதும் மருத்துவரின் மேற்பார்வை தேவை. அடிக்கடி வாந்தி, இரவில் நெஞ்செரிச்சலும் இருமலும், தண்ணீர்கூட இறங்காமை ஆகியவை தோன்றினால் தாமதிக்கலாகாது.

ராத்தாவுக்கு வந்ததும் இரவு வாந்திதான். 2018-இல் வற்புறுத்தி அழைத்துச் சென்றோம். மேற்பை விரிந்துவிட்டது என்றார் மருத்துவர். நீரை முழுவதும் வெளியேற்றி, சில வாரங்கள் ஓய்வு கொடுத்து, மறுபடியும் சிறிது சிறிதாக இறுக்கினார்.

வீட்டார் செய்த தவறு

அப்போதுதான் எங்கள் தவற்றையும் உணர்ந்தோம். வளையம் தடுப்பது கெட்டியான உணவைத்தான். இறைச்சித் துண்டும் பரோட்டாவும் தொண்டையில் சிக்குவது போல் நிற்கும். ஆனால் வட்டிலப்பம், பீர்னி, சர்பத், பாயசம் ஆகியவை தடையின்றி வழுக்கி இறங்கும். "பாவம், ஒன்றுமே சாப்பிடவில்லையே" என்று இரக்கப்பட்டு, இறங்கக்கூடிய இனிப்புகளையே நாங்கள் ராத்தாவுக்கு ஊட்டினோம். இந்தக் கட்டுரையை எழுதும் நானும் அவ்வாறு ஊட்டியவர்களில் ஒருவன்.

"தம்பி, வளையம் என் வயிற்றுக்குத்தான் போட்டார்கள். உங்கள் கைகளுக்கு யார் போடுவது?" என்று ராத்தா ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன்பின் வீட்டின் வழக்கமே மாறியது. மீன், முட்டை, பருப்பு முதலியவை முதலில், சோறு பின்னர். சிறு தட்டு, சிறு கவளம், நன்கு மென்று நிதானமாக உண்ணுதல். உணவோடு தண்ணீர் அருந்துவதில்லை, இடைவேளைகளில் அருந்துவார். இரும்புச் சத்தும் வைட்டமின்களும் குறையாமலிருக்க இரத்தப் பரிசோதனை, நாள்தோறும் நடை. விருந்துகளில் அவரை எவரும் வற்புறுத்துவதில்லை.

ரமளானில் கவனம்

நோன்பு நோற்பது குறித்து, ரமளான் பிறக்கும் முன்பே மருத்துவரிடமும், பின்னர் மார்க்க அறிஞரிடமும் கேட்டறிய வேண்டும். சர்க்கரை மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். வளையத்தைத் தளர்த்தவும் நேரிடலாம். நோயாளிக்கு அல்லாஹ் அளித்த சலுகையைப் பயன்படுத்துவதில் குறையொன்றும் இல்லை.

நோன்பு நோற்பவர், பாங்கு ஒலித்ததும் கஞ்சியை மடமடவென்று குடித்தல் ஆகாது. ஒரு பேரீச்சம்பழத்தை நன்கு மென்று, சில மிடறு நீர் அருந்தி, மஃக்ரிப் தொழுத பின் சிறிது சிறிதாக உண்பது நலம். வடையையும் சமோசாவையும் தவிர்த்து, இரவு முழுவதும் இடைவிட்டு நீர் அருந்த வேண்டும்.

அறுவை முடிந்து பதினாறு ஆண்டுகள் கடந்தபோது ராத்தாவின் எடை 93 கிலோ. 86-ஐப் பார்த்து ஏங்குவோருக்கு அது தோல்வியாகத் தோன்றலாம். 118-இலிருந்து எண்ணிப் பாருங்கள்! 25 கிலோ, அதாவது ஒரு சிப்பம் அரிசியின் சுமை அவர் முழங்கால்களிலிருந்து இறங்கியிருக்கிறது. நாற்காலி மூலைக்குப் போய்விட்டது. ராத்தாவின் நெற்றி தரையைத் தொடுகிறது.

நம் வீடுகளில் இத்தகைய சகோதரிகளும் தாய்மார்களும் இருப்பின், அவர்களிடம் "எத்தனை கிலோ குறைந்தாய்?" என்று கேட்பதை விட்டுவிடுவோம். "மருத்துவரிடம் செல்லும் நாள் எது? நானும் உடன் வருகிறேன்" என்று சொல்வோம். உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணுவோருக்குத் துணை நிற்பதும் நம் மீதுள்ள கடமையே. அதற்குரிய நல்லுணர்வை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.